விறலிவிடு தூதும் தாசிகள் மோசவலையும்

பிறவூரிலிருந்து வந்தவனைக் காதல் காட்டி மயக்கிக் கைப்பொருள் கவர்ந்து துரத்தும் கதை தமிழுக்குப் புதிதன்று. நாயக்கர் காலத்திலும் அதனை அடுத்தும் எழுந்த விறலிவிடு தூதுகள் அதனை நகைச்சுவை ததும்ப விரித்துரைக்கின்றன. அவற்றுள் சுப்பிரதீபக் கவிராயர் இயற்றிய கூளப்ப நாயக்கன் விறலிவிடு தூது பெரும்புகழ் பெற்றது.

மனைவியோடு பிணங்கிப் பிரிந்த தலைவன் வெளியூரில் தாசி ஒருத்தியின் வலையில் வீழ்கின்றான். அவளுக்குச் சூது கற்பிப்பவள் தாய்க்கிழவி. பொருள் தீர்ந்ததும் தலைவன் வெளியேற்றப்படுகின்றான். பின்னர் வள்ளலிடம் பரிசில் பெற்று, மனைவியின் ஊடல் தணிக்க விறலியைத் தூதுவிடுகின்றான். இழந்தவனே கலிவெண்பாவில் தன் கதையைக் கூறுதலின், அவன் பேதைமையே நகைப்பொருளாகின்றது. தாசியோ வெறும் சூழ்ச்சிக்காரியாகவே நிற்கின்றாள். அவளை அத்தொழிலிற் செலுத்தியது யாது என்னும் வினா ஆண்டு எழவில்லை.

அவ்வினாவை எழுப்பியது 1936இல் வெளிவந்த ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் நாவல். ஆசிரியர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் (1883–1962) அம்மரபில் வளர்ந்து, அதனை எதிர்த்துப் போராடியவர். தாசியரின் தந்திரங்களை அவர் மறைத்தாரல்லர். மைனர்களின் மடமையையும் எள்ளினார். எனினும், பொட்டுக்கட்டும் வழக்கத்தையே இத்தீமையின் வேராகக் காட்டினார். அவ்வழக்கத்தைச் சென்னை மாகாணச் சட்டம் 1947இல் தடைசெய்தது.

ஏமாந்தவன் கூற்றாயிருந்த கதை, வலையின் உட்புறம் அறிந்தவள் கூற்றாக மாறியமை இலக்கிய வரலாற்றில் ஒரு திருப்பம் ஆகும். தூதினை நகைச்சுவைக்கெனப் பயில்வோர் நாவலையும் உடன்வைத்துப் பயிலுதல் வேண்டும். அந்நகைப்பின் விலையை அப்பொழுதே உணர்தல் கூடும்.