கர்ப்பகால உயர் இரத்த அழுத்தமும் உடற்பயிற்சியும்

கருவுற்ற தாய்மார்கள் நலமாக இருப்பின், வாரத்திற்கு 150 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இத்தகைய பயிற்சி, கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தம் உயரும் வாய்ப்பையும் குறைக்கிறது. ஆனால் இரத்த அழுத்தம் ஏற்கெனவே உயர்ந்துவிட்டால் இந்தப் பொது அறிவுரை அப்படியே பொருந்தாது. எவ்வகை இரத்த அழுத்தம் என்பதை மருத்துவரிடம் தெரிந்துகொண்ட பின்னரே பயிற்சியைப் பற்றி முடிவு செய்ய வேண்டும்.

உங்களுக்கு உள்ளது எவ்வகை?

இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பது உயர் இரத்த அழுத்தம் ஆகும். 160/110 அல்லது அதற்கு மேல் இருப்பது அவசர நிலை.

• முன்பே இருந்த உயர் இரத்த அழுத்தம்: கருவுறுவதற்கு முன்போ, 20 வாரங்களுக்கு முன்போ கண்டறியப்பட்டது. மருந்தினால் கட்டுப்பாட்டில் இருப்பின், மருத்துவரின் ஒப்புதலுடன் மெதுவான நடைப்பயிற்சி மேற்கொள்ளலாம்.
• கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம்: 20 வாரங்களுக்குப் பின் தோன்றுவது. மருத்துவர் அனுமதித்தாலன்றி எந்தப் பயிற்சியையும் தொடங்கவோ தொடரவோ கூடாது.
• முன்சூல்வலிப்பு எனப்படும் பிரீ-எக்லாம்ப்சியா: உயர் இரத்த அழுத்தத்துடன் சிறுநீரில் புரதம் வெளியேறுதல், அல்லது கல்லீரல், சிறுநீரகம், இரத்தத் தட்டணுக்கள் பாதிக்கப்படுதல். இந்நிலையில் உடற்பயிற்சி செய்யக் கூடாது.

பயிற்சி வேண்டாம் என்றால், நாள் முழுவதும் படுத்தே இருக்க வேண்டும் என்று பொருளன்று. முழுநேரப் படுக்கை ஓய்வு இரத்த அழுத்தத்தைக் குணப்படுத்துவதில்லை. கால்களில் இரத்தம் உறையும் ஆபத்தை அது கூட்டும். மருத்துவர் வேறுவிதமாகக் கூறாதவரை, வீட்டிற்குள் நடமாடலாம்.

வேலை வேறு, பயிற்சி வேறு

"காட்டு வேலை செய்கிறேன், அதுவே உடற்பயிற்சி" என்று பலர் எண்ணுகின்றனர். குருவிகுளம் போன்ற கரிசல் பகுதிகளில் வெயிலில் நெடுநேரம் குனிந்து களை எடுப்பதும், பருத்தி எடுப்பதும், தண்ணீர்க் குடம் சுமப்பதும் உடலை வருத்தும் உழைப்பே தவிர, அளவான பயிற்சி அல்ல. கனமான சுமையை மூச்சடக்கித் தூக்கும்போது இரத்த அழுத்தம் திடீரென உயரும். இவ்வேலைகளைக் கணவரும் குடும்பத்தினரும் ஏற்றுக்கொள்வது, மாத்திரையை நேரத்திற்கு எடுத்துக்கொடுப்பதைப் போன்றே முக்கியமான உதவியாகும்.

மருத்துவர் அனுமதித்தால்

• காலை அல்லது மாலை, வெயில் இல்லாத வேளையில், சமமான பாதையில் நடக்கவும்.
• 10 நிமிடங்களில் தொடங்கி, சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டவும்.
• நடக்கும்போது தடையின்றிப் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கினால் நிறுத்திவிடவும்.
• துணையுடன் செல்லவும். தண்ணீர் எடுத்துச் செல்லவும்.
• 20 வாரங்களுக்குப் பின் மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகளையும், மூச்சை அடக்கும் பயிற்சிகளையும், தலைகீழ் ஆசனங்களையும் தவிர்க்கவும்.

நடைப்பயிற்சி மருந்துக்கு மாற்று அல்ல. அழுத்தம் குறைந்துவிட்டது என்று நீங்களாகவே மாத்திரையை நிறுத்தக் கூடாது. கருவுறுவதற்கு முன் உட்கொண்ட எனலாப்ரில், டெல்மிசார்ட்டன் போன்ற மருந்துகள் குழந்தைக்குத் தீங்கு விளைவிக்கக்கூடும். அவற்றை உட்கொள்பவர்கள் மாற்று மருந்துக்காகத் தாமதமின்றி மருத்துவரை அணுக வேண்டும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

• குறையாத கடுந்தலைவலி
• பார்வை மங்குதல், கண்முன் மின்னல் போலத் தோன்றுதல்
• மேல்வயிற்றில் வலி, வாந்தி
• முகம், கைகளில் திடீர் வீக்கம்
• மூச்சுத்திணறல், நெஞ்சுவலி
• இரத்தப்போக்கு, நீர்க்கசிவு
• குழந்தையின் அசைவு குறைதல்

இவற்றில் ஒன்று தோன்றினாலும், விடியட்டும் என்று காத்திராமல் 108 ஆம்புலன்ஸை அழைக்கவும். வலிப்பு வந்தால் தாயை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைக்கவும். வாயில் எதையும் வைக்கக் கூடாது. கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எங்கு அணுகுவது?

இரத்த அழுத்தம், சிறுநீர்ப் பரிசோதனைகளுக்கு உங்கள் கிராம சுகாதார செவிலியரையோ, அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகவும். ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாள், பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடைபெறுகிறது. குருவிகுளம் பகுதித் தாய்மார்கள் மேல்சிகிச்சைக்குச் சங்கரன்கோவில் அரசு மருத்துவமனையையும், திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் அணுகலாம். தாய்-சேய் நல அட்டையை எப்போதும் உடன் எடுத்துச் செல்லவும்.

பிரசவத்திற்குப் பின்

பிரசவத்துடன் ஆபத்து முடிந்துவிடுவதில்லை. அதன் பின் 6 வாரங்கள் வரை முன்சூல்வலிப்பு ஏற்படக்கூடும். முதல் வாரத்தில் கூடுதல் கவனம் தேவை. தாய்வீட்டில் தங்கியிருந்தாலும் இரத்த அழுத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தம் உயர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதயநோய் வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே, உடல் தேறியபின் மருத்துவரின் ஆலோசனையுடன் நடைப்பயிற்சியைத் தொடங்கி, வாழ்நாள் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.