குழந்தையின் இறப்பு விருப்பம்: மருத்துவ நோக்கின் மாற்றம்

‘செத்துப்போகிறேன்’ எனச் சிறுகுழந்தை கூறுவதை மழலையெனத் தள்ளுதல் வீட்டார் வழக்கம் மட்டுமன்று. மருத்துவமும் நெடுங்காலம் அவ்வாறே தள்ளியது. குழந்தைக்கு மனச்சோர்வு நோய் வாராது என்பது இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதிவரை உளப்பகுப்பாய்வாளர் பலர் கொண்டிருந்த கருத்தாகும். அங்கேரியக் குழந்தைகளைப் பற்றிய ஆய்வினை 1948இல் வெளியிட்ட மரியா நாகி, ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பை உறக்கம் போலவோ பயணம் போலவோ மீளத்தக்கதாகக் கருதுவதைக் காட்டினார். அறியாத ஒன்றைக் குழந்தை எங்ஙனம் விரும்பும் என்று இதனைக் கொண்டு வினவுவது எளிது. ஆயின் அவ்வினாவே பிழைபட்டது: மீண்டு வரலாம் என எண்ணும் குழந்தைக்குத் தடுத்து நிறுத்தும் அச்சமும் குறைவன்றோ?

1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் மூன்றாம் நோய்வகைப்பாட்டுக் கையேடு, மனச்சோர்வின் அளவைகளைக் குழந்தைகளுக்கும் பொருத்தியது. 1986இல் சிந்தியா ஃபெஃபர் குழந்தைத் தற்கொலை எண்ணம் குறித்துத் தனிநூல் வெளியிட்டார். அதே ஆண்டில் சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கினார். எனினும் தமிழகத்தில் இதுபற்றிய பொதுப்பேச்சு பெரிதும் தேர்வெழுதும் மாணாக்கரைச் சுற்றியே அமைந்தது. ஆறு வயதினர் அதில் இடம்பெற்றது அரிது.

இன்று மருத்துவர் நேரடியாகவே கேட்கின்றனர். கேட்பதனால் அவ்வெண்ணம் விதைக்கப்படுவதில்லை. ‘செத்தால் என்ன ஆகும்?’ என்னும் வினாவுக்குக் குழந்தை தரும் விடையும், வரையும் படமும், ஆடும் ஆட்டமும் உற்றுநோக்கப்படுகின்றன. பெற்றோரைத் தனியே உசாவுவர். பிள்ளையின் இவ்வெண்ணத்தை அவர்களுள் பலர் அறிந்திருப்பதில்லை. மருந்து பின்னர்தான். வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பூட்டிவைக்கச் சொல்வது முதற்பணி.