இரண்டாம் கியரில் வண்டி எடுத்தல்

பனி படிந்த சாலையில் நிற்கும் காரை முதல் கியரில் எடுக்காமல் இரண்டாம் கியரில் எடுப்பது, பிரிட்டனிலும் வட ஐரோப்பாவிலும் கைக்கியர் வண்டி ஓட்டுபவர்களின் பழைய வழக்கம். சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலாமல் தடுப்பதே நோக்கம்.

இரண்டாம் கியர் டயரின் பிடிப்பைக் கூட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. பிடிப்பைத் தீர்மானிப்பவை சாலை, டயர், சக்கரத்தின் மேல் இறங்கும் எடை ஆகியவையே. உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.8, இறுகிய பனியில் 0.2 அளவுக்கு இறங்கும். வழவழப்பான பனிக்கட்டியில் 0.1 கூடத் தேறாமல் போகலாம். கியர் தருவது காலுக்கான தாராளம் மட்டுமே.

ஒரு கணக்குப் போட்டால் விளங்கும். முன்சக்கரங்களால் இயங்கும் சிறிய கார். அந்த அச்சின் மேல் 700 கிலோ எடை. சக்கரத்தின் ஆரம் 30 செ.மீ. முதல் கியரின் விகிதம் 3.5, இரண்டாவதன் விகிதம் 2, இறுதி விகிதம் 4 என்று கொள்வோம். இறுகிய பனியில் இச்சக்கரங்கள் வழுக்காமல் தரக்கூடிய தள்ளுவிசை சுமார் 1,370 நியூட்டன். முதல் கியரில் இன்ஜின் 29 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தந்தாலே எல்லை வந்துவிடும். இரண்டாவதில் 51 வரை போகலாம். உலர்ந்த சாலையில் முதல் கியருக்கே எல்லை 117. ஆக, வெயில் நாளில் பழகிய மிதி பனியில் பல மடங்கு அதிகம். எல்லை தாண்டிச் சுழலும் டயர், அடியிலுள்ள பனியை உருக்கித் தேய்த்துக் கண்ணாடியாக்கி, தன் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும்.

ஸ்டீயரிங்கை நேராக வைத்து, ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும், கிளட்சை மெல்ல விடுவதே முறை. குறைந்த சுழற்சியிலேயே இழுக்கும் டீசல் இன்ஜினுக்கு இது எளிது. சிறிய பெட்ரோல் இன்ஜின் திணறி நின்றுவிடலாம். மேட்டில் இம்முறை கிளட்சைத் தின்றுவிடும்: அரைக் கிளட்சில் நெடுநேரம் தொங்கினால் கருகல் வாடை வரும். மென்மையான கால் வாய்த்தவருக்கு முதல் கியரே போதும்.

பழைய மெர்சிடிஸ்-பென்ஸ் ஆட்டோமேட்டிக் கார்கள் சிலவற்றில் குளிர்காலத்துக்கான 'டபிள்யூ' நிலை, வண்டியை இரண்டாம் கியரில் கிளப்பும். இன்று சக்கரச் சுழலைக் கண்டதும் மின்னணுக் கட்டுப்பாடே இன்ஜின் விசையைக் குறைக்கிறது. ஆழப் பனியில் அதுவே வண்டியை நகரவிடாமல் முடக்குவதால், சற்று நேரம் அணைத்துவைக்க வேண்டியிருக்கும். பெரும்பாலான மின்கார்களில் மாற்றுவதற்குக் கியரே இல்லை.

கியரைப் பற்றி இவ்வளவு பேசினாலும், மேற்கண்ட கணக்கின் 0.2 என்ற எண்ணையே உயர்த்துவது குளிர்கால டயர்தான். ஸ்வீடனில் டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, சாலையில் பனியோ உறைவோ இருக்கும்போது கார்களுக்கு அது சட்டப்படி கட்டாயம்.