வழிச்செலவுக்கு யார் காசு?

மதுரை கோச்சடையில், வைகைக் கரைக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டல் இருக்கிறது. இன்றைக்குக் கல்யாண ரிசப்ஷனுக்கும் கம்பெனி மீட்டிங்குக்கும் பெயர் போன இடம். 1970களின் முதல் பாதியில் அது 'மதுரை கிளப்'. மதுரா மில்ஸ் அதிகாரிகள் மாலையில் டென்னிஸ் ஆடவும் ஓய்வெடுக்கவும் கட்டப்பட்டது. அதை வடிவமைத்தவர் ஜெஃப்ரி பாவா! இலங்கையின் தலைசிறந்த கட்டடக் கலைஞர் என்று உலகமே கொண்டாடும் அதே பாவாதான். கொழும்புக்காரரின் கற்பனை, ஸ்காட்லாந்தோடு கூட்டு வைத்திருந்த நூல் ஆலையின் காசு, மதுரைக் கொத்தனாரின் கை... மூன்றும் சேர்ந்ததால் வந்த கட்டடம்.

ஒரு கலை கடல் தாண்டுகிறது என்றால், பேப்பரில் போடுவது கலைஞரின் போட்டோவைத்தான். வழிச்செலவைக் கொடுத்தவர் அந்த போட்டோவில் இருப்பதில்லை. அவரைத் தேடிப் போனால் சில சமயம் பிரமாதமான கதை கிடைக்கும். சில சமயம் திகில் கதை!

முதலில் 1838-க்குப் போவோம். கடலூருக்குப் பக்கத்தில் திருவந்திபுரம். பெருமாள் கோயில் ஊர். தார்திவெல் என்கிற பிரெஞ்சு வியாபாரி, அங்கிருந்த தேவதாசிகள் சிலரோடு ஒப்பந்தம் போட்டார். முன்பணம், எத்தனை மாதம், திரும்பக் கொண்டுவந்து விடும் பொறுப்பு எல்லாம் பேசப்பட்டது. ஐந்து பெண்கள், மூன்று இசைக்காரர்கள் கப்பலேறினார்கள். மூத்தவர் தில்லையம்மாள், வயது முப்பது. நட்சத்திரமாகப் போகிற 'அமனி'க்குப் பதினெட்டு. கடைசிக் குழந்தைக்கு ஆறே வயது!

பாரிஸ் கிறுகிறுத்துப் போனது. மன்னர் லூயி ஃபிலிப் அரண்மனையில் ஆடினார்கள். 'வரியேத்தே' தியேட்டரில் ஆடினார்கள். எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே, அமனியைப் பார்த்துவிட்டுப் பக்கம் பக்கமாக உருகினார். பார் என்கிற சிற்பி அவருக்கு வெண்கலச் சிலையே வடித்துவிட்டார். பிறகு லண்டன் அடெல்ஃபி தியேட்டர், அங்கிருந்து ஐரோப்பாவின் மற்ற நகரங்கள்...

இதில் தார்திவெல்லுக்கு என்ன அக்கறை? டிக்கெட் வசூல். அவ்வளவுதான். ஆட்டத்தின் அர்த்தம் யாருக்கும் தேவைப்படவில்லை. விநோதமான துணி, விநோதமான நகை, விநோதமான சிவப்பு. கோத்தியே உட்பட எல்லோரும் எழுதியது அதைத்தான். திருவந்திபுரத்துப் பதத்தை ஒருவர்கூட உட்கார்ந்து கற்றுக்கொள்ளவில்லை.

அடுத்த நூறு வருடத்தில் காசு கொடுப்பவரின் சாயல் மாறியது. உதயசங்கருக்கு ஆலிஸ் போனர் கிடைத்தார். சுவிட்சர்லாந்துச் சிற்பி, கையில் பணமும் இருந்தது. சங்கரோடு இந்தியா முழுக்கச் சுற்றிக் கலைஞர்களையும் வாத்தியங்களையும் திரட்டி, 1931-ல் பாரிஸில் மேடையேற்றினார். பிறகு சங்கர் அல்மோராவில் ஒரு கலை மையம் தொடங்க, இங்கிலாந்தின் டார்டிங்டன் ஹாலை நடத்திய எல்ம்ஹர்ஸ்ட் தம்பதி கை கொடுத்தார்கள். அந்த அல்மோராவுக்குப் பரதம் சொல்லித்தர யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? நட்டுவனார் கந்தப்பா பிள்ளையை. அவர் தஞ்சாவூர் நால்வர் பரம்பரை. சென்னையில் அவர் விட்டுவிட்டுப் போன மாணவியின் பெயர், தஞ்சாவூர் பாலசரஸ்வதி!

நம் கதையின் நடுநாயகம் இவர்தான். வீணை தனம்மாளின் பேத்தி. 1918-ல் பிறந்தவர். ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேற்றம். அவர் வளர வளர, அவருடைய குலத்தின் மீது ஊர் காறித் துப்பிக்கொண்டிருந்தது. 1947-ல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம். சட்டத்தின் நியாயத்தைப் பற்றி இங்கே வழக்காட வரவில்லை. ஆனால், ஆட்டத்தை மட்டும் தனியே கழற்றி எடுத்து, குளிப்பாட்டி, வேறு வீட்டுப் பெண்களுக்குக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லத்தானே வேண்டும்? பாலாவுக்கு விருதுகள் வந்தன. 1955-ல் சங்கீத நாடக அகாதமி, 1957-ல் பத்மபூஷண். மியூசிக் அகாடமியில் பள்ளியும் அமைந்தது. வராதது மாணவிகள் கூட்டம்தான்.

இந்த நேரத்தில்தான் டோக்கியோ. 1961 ஏப்ரல். உயேனோவில் புத்தம் புதிதாகத் திறந்த பெருநகரக் கலை மண்டபத்தில் 'கிழக்கு மேற்கு இசைச் சந்திப்பு'. வந்திருந்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் மேல்நாட்டு இசை தெரிந்தவர்கள் மயங்கி விழுவார்கள். லெனர்ட் பெர்ன்ஸ்டைனின் நியூயார்க் ஃபில்ஹார்மானிக், ஐசக் ஸ்டெர்ன், ஜெனாகிஸ், லூ ஹாரிசன்! அந்த மேடையில் பாலசரஸ்வதி பாடியபடி அபிநயம் பிடித்தார். இந்தியாவுக்கு வெளியே அவருக்குப் பெரிய கதவு திறந்தது அங்கேதான்.

கதவைத் திறந்தவர் நிக்கோலஸ் நபகோவ். ரஷ்யாவிலிருந்து வெளியேறிய இசையமைப்பாளர். எழுத்தாளர் நபகோவின் ஒன்றுவிட்ட சகோதரர். அவர் இருந்த அமைப்பு 'கலாசார சுதந்திரத்துக்கான காங்கிரஸ்'. 1950-ல் பெர்லினில் பிறந்தது. பத்திரிகை, கருத்தரங்கு, இசைவிழா என்று காசைத் தண்ணீராக இறைத்தது. லண்டன் 'என்கவுன்ட்டர்', பம்பாய் 'குவெஸ்ட்' எல்லாம் அதன் ஆதரவில் வந்த பத்திரிகைகள்தான். ஏது இவ்வளவு பணம் என்று கேட்டால், ஃபார்ஃபீல்டு ஃபவுண்டேஷன் என்பார்கள். அதன் தலைவர் ஃபிளைஷ்மன், ஈஸ்ட்டும் ஜின்னும் விற்றுக் கொழுத்த குடும்பத்து வாரிசு. கோடீஸ்வரர் கலைக்குக் கொடுக்கிறார், யார் சந்தேகப்படுவார்கள்?

ஜப்பானிய இடதுசாரி இசைக்காரர்கள் சந்தேகப்பட்டார்கள். இது அமெரிக்க அரசியல் என்று எதிர்த்தார்கள். 1966 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் முதல் நூலை இழுத்தது. 1967-ல் 'ராம்பார்ட்ஸ்' பத்திரிகையும் இழுத்தது. அதே ஆண்டு மே மாதம் தாமஸ் பிராடன் என்கிற முன்னாள் அதிகாரி, 'ஆமாம், நாங்கள்தான் கொடுத்தோம்' என்று பெருமையாகவே எழுதிவிட்டார். 'நாங்கள்' என்றால்... சி.ஐ.ஏ!

எதிர்முகாம் மட்டும் சும்மா இருந்ததா என்ன? மாஸ்கோவில் தமிழில் அச்சாகி, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக வந்த வழவழப்புப் புத்தகங்களை நீங்களும் வாங்கியிருப்பீர்கள். அடக்க விலைகூடத் தேறாத விலை. அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொண்டது ஒரு சர்க்கார். அதனால் கோர்க்கி கெட்டுப்போனாரா? இல்லை. பாலாவின் அபிநயமும் கெட்டுப்போகவில்லை. ஆனால், காசு கொடுத்தவன் எதற்குக் கொடுத்தான் என்பது ஆடியவருக்குச் சொல்லப்படவில்லை. எனக்கு உறுத்துவது இதுதான். தார்திவெல்லாவது, 'டிக்கெட் விற்கத்தான் கூட்டிப் போகிறேன்' என்று பத்திரத்தில் எழுதினார்.

நல்ல வேளை, பாலாவுக்கு இன்னொரு வகைக் கூட்டாளிகளும் வாய்த்தார்கள். ராபர்ட் பிரௌன் என்கிற அமெரிக்கர், பாலாவின் தம்பி ரங்கநாதனிடம் மிருதங்கம் கற்றவர். இன்னொரு தம்பி, புல்லாங்குழல் விஸ்வநாதன், 1958-லேயே ஃபுல்பிரைட் உதவியில் கலிஃபோர்னியா போய்விட்டார். கனெக்டிகட்டில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்கு பிரௌன் வேலைக்குப் போனதும், குடும்பமே அந்தப் பக்கம் திரும்பியது. 1962-ல் பாலாவின் அமெரிக்கப் பயணம். டெட் ஷானின் ஜேக்கப்ஸ் பில்லோ விழாவில் அவர் ஆட, வெள்ளைக்கார நடனக் கலைஞர்கள் வாயடைத்துப் போனார்கள். 1963-ல் ரங்கநாதன் வெஸ்லியனில் ஆசிரியர். ராம்நாட் கிருஷ்ணனும் பின்னால் போனார்.

அதே 1963-ல் சாமுவேல் ஸ்கிரிப்ஸ், லூயிஸ் ஸ்கிரிப்ஸ் தம்பதி 'கீழைக் கலைகளுக்கான அமெரிக்க சங்கம்' தொடங்கினார்கள். சாமுவேல் பத்திரிகை முதலாளிக் குடும்பம். லூயிஸ் பாலாவிடம் நடனம் கற்ற சிஷ்யை! கவனியுங்கள், செக் எழுதுகிற கை அடவும் பிடித்தது. அவர்கள் நடத்திய கோடைப் பள்ளிகளில் சரோத் மேதை அலி அக்பர் கானும் வந்து கற்பித்தார். சென்னையில் தேடி வராத மாணவிகள், கலிஃபோர்னியாவில் பாலா முன்னால் கைகட்டி நின்றார்கள். மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி கொடுத்தது 1973-ல். டோக்கியோ முடிந்து பன்னிரண்டு வருடம் கழித்து!

மதுரைக்காரர்கள் முறைப்பதற்குள் நம் சண்முகவடிவு மகளுக்கும் வந்துவிடுகிறேன். எம்.எஸ். 1963-ல் எடின்பரோ விழாவுக்குப் போனார். அந்த வருடம் இந்தியக் கலைகளுக்கு அங்கே சிவப்புக் கம்பளம். பாலாவும் அதே விழாவில்தான். 1966 அக்டோபரில் ஐ.நா. சபைக் கச்சேரி. அந்த வாய்ப்புக்குப் பின்னால் இருந்தவர் சி.வி.நரசிம்மன், பொதுச் செயலாளர் ஊ தாண்டின் அலுவலகத் தலைவர்; சங்கீதப் பித்தர். காஞ்சிப் பெரியவர் ஒரு சமஸ்கிருதப் பாட்டும், ராஜாஜி ஓர் ஆங்கிலப் பாட்டும் எழுதித் தந்தார்கள். ஆங்கிலப் பாட்டுக்கு மெட்டமைத்தவர் ஹாண்டல் மானுவல். ஸ்பான்சரைவிட, உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒரு ரசிகர் பெரிது என்பது இந்தக் கதை.

எண்பதுகளில் மத்திய அரசே லண்டன், பாரிஸ், மாஸ்கோ என்று இந்திய விழாக்கள் நடத்தியது. பிரம்மாண்டம், நிறைய ஊழல் பேச்சு, நிறைய விமானம். அதை விடுங்கள்.

தனியாக முயல்கிற ஆளுக்கு என்ன வழி? 'தங்க இடம், சாப்பாடு எங்களுடையது. விமானக் கட்டணம் உங்களுடையது' என்றுதான் பெரும்பாலும் கடிதம் வரும். அதோடு 1950-ல் மௌலானா ஆசாத் தொடங்கிய கலாசார உறவுகள் குழுவின் கதவைத் தட்ட வேண்டும். பிரெஞ்சுக்காரர்களின் அலியான்ஸ், ஜெர்மானியர்களின் மாக்ஸ் முல்லர் பவன் உண்டு. பிரிட்டன் போக சார்லஸ் வாலஸ் அறக்கட்டளை. யார் இந்த வாலஸ்? சரக்குக் கம்பெனியாக நாம் அறிந்த ஷா வாலஸை, கல்கத்தாவில் தொடங்கிய அதே வாலஸ்தான். 1916-ல் இறந்தவரின் சொத்து, இரண்டு சர்க்கார்களுக்கும் பங்காகி, பிரிட்டன் பங்கில் 1981-ல் அறக்கட்டளை ஆனது. கல்கத்தாவில் சம்பாதித்த காசு சுற்றிச் சுற்றி நம் கலைஞர்களின் டிக்கெட்டுக்கே வருகிறது!

கடைசியாக, செய்யாறு பக்கத்துப் புரிசை. கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையின் தெருக்கூத்து ஊர். 2016 ஜனவரியில், பாரிஸின் 'தியேத்ர் து சொலேய்' நாடகக் குழு ஏறத்தாழ நூறு பேரோடு பாண்டிச்சேரியில் வந்திறங்கியது. தலைவர் ஆரியான் மனூஷ்கின். அவர் குழுவில் நடித்துவிட்டு வந்த குமரன் வளவன், பாண்டியில் 'இந்தியநாஸ்ட்ரம்' நடத்திக்கொண்டிருந்ததால் சிநேகிதம் பழையது. புரிசை சம்பந்தத் தம்பிரான் அந்தப் பிரெஞ்சு நடிகர்களுக்கு வாத்தியார் ஆனார். அடவு, கிறுகி, பாட்டு எல்லாம் முதலிலிருந்து. நவம்பரில் பாரிஸில் 'இந்தியாவில் ஓர் அறை' அரங்கேறியது. அடுத்த வருடம் டிசம்பரில் நியூயார்க்.

திருவந்திபுரத்திலிருந்து பாரிஸ் போனவர்களின் பாட்டு யாருக்கும் புரியவில்லை. இந்த நாடகத்துக்குள் கூத்து வருகிற இடங்களில் திரௌபதியும் துச்சாதனனும் கர்ணனும் வெளிநாட்டு நடிகர்கள்தான். அவர்கள் பாடியதும் பேசியதும் தமிழ்.