ஏடு யார் கையில்? கூட்டு நாடக எழுத்தும் குண்டனி நாடும்

கொல்லிமலையைப் பற்றித் தமிழில் உள்ள எழுத்தில் பெரும்பகுதி சமவெளியிலிருந்து வந்தது. நற்றிணை கொல்லிப் பாவையைப் பாடுகிறது. புறநானூற்றில் வன்பரணர் கொல்லிமலைத் தலைவன் ஓரியின் வில்லையும் கொடையையும் பாடுகிறார். காரி ஓரியைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்த செய்தி அகநானூற்றில் இருக்கிறது. ஆடி மாதம் மலைமேல் உள்ள செம்மேட்டில் அரசு எடுக்கும் விழாவும் வல்வில் ஓரியின் பெயரில்தான் நடக்கிறது. ஆனால் குண்டனி நாடு உள்ளிட்ட மலையின் 14 நாடுகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தங்கள் வரலாற்றை ஓரியிலிருந்து தொடங்குவதில்லை. காஞ்சிபுரத்தை விட்டு வந்து வெவ்வேறு மலைகளில் குடியேறிய அண்ணன் தம்பி மூவரிடமிருந்து தொடங்குகிறார்கள். 1909இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற தொகுதிகளிலும் இந்தக் கதை பதிவாகியிருக்கிறது. ஒரு மலைக்கு இரண்டு தொடக்கங்கள். விழாவுக்குப் பெயர் கொடுத்தது அவற்றில் ஒன்று.

குண்டனி நாட்டு இளைஞர்கள் கூடித் தங்களுக்கான நாடகங்களை எழுத முற்பட்டால் அந்தக் குழு எப்படி இயங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கூட்டு எழுத்தைப் பற்றிய பேச்சு வழக்கமாக எத்தனை பேர் எழுதினார்கள் என்பதில் சிக்கிக்கொள்கிறது. பிரதியைத் திருத்தும் உரிமை யாருக்கு, எந்தக் கட்டம் வரை என்று கேட்பதே பயன் தரும் என்பது என் வாதம். எல்லோரும் திருத்தலாம், ஆனால் ஏடு ஒருவர் கையில் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்ட மரபு நம்மிடமே உண்டு.

தமிழகத் தெருக்கூத்தில் பாட்டு பெரும்பாலும் வாத்தியாரிடம் பாடமானது. வசனம் அப்படியன்று. ஊரையும் இரவையும் எதிரே உட்கார்ந்திருப்பவர்களையும் பார்த்து ஆட்டக்காரர் அதை நீட்டுவார், சுருக்குவார், புதிதாகச் சேர்ப்பார். கட்டைக்கூத்து என்றும் அழைக்கப்படும் இந்தக் கூத்தை ஆராய்ந்த ஹன்னெ டி ப்ரூயின் 1999இல் வெளியிட்ட நூலில் இந்த நெகிழ்வையே அக்கலையின் அடிப்படையாகக் காட்டினார். மட்டக்களப்புக் கூத்தில் பொறுப்புகள் இன்னும் தெளிவாகப் பிரிந்திருக்கின்றன. கூத்தைப் பழக்கும் ஆசிரியரான அண்ணாவியார் ஏட்டை, அதாவது கூத்துப் பிரதியை, தேர்கிறார். சட்டங்கொடுத்தல் என்ற சடங்கில் ஒவ்வொருவருக்கும் அவரவர் பாத்திரத்தின் பாடம் கைக்கு வருகிறது. ஆடுகளமான களரியில் ஒருவர் ஏட்டைப் பார்த்து அடியெடுத்துக் கொடுக்கிறார். மாதக்கணக்கில் நடக்கும் பழக்கத்தை, அதாவது ஒத்திகையை, ஊர் வந்து பார்க்கிறது, குறை சொல்கிறது, சண்டையும் போடுகிறது. அரங்கேறும் நாளில் அந்தப் பிரதி ஊராரின் காதுக்கும் வாய்க்கும் பழகிப் போயிருக்கும்.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் இந்தக் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை ஆகியவை அந்த முயற்சியில் பிறந்தவை. விடிய விடிய ஆடியது மேடைக்கேற்ற நேரத்துக்குச் சுருங்கியது. படித்தவர்கள் கூத்தை மதிக்கத் தொடங்கினார்கள். அந்தப் பணி பெரியது. ஆனாலும் எதை வெட்டுவது, எதை வைப்பது என்ற முடிவு வளாகத்துக்குள் எடுக்கப்பட்டது. அண்ணாவிமாரின் ஆட்டமும் தாளமும் உள்ளே வந்தன. பிரதியின் மீதான அதிகாரம் ஊரிலிருந்து விலகியது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மட்டக்களப்பின் சீலாமுனையில் சி. ஜெயசங்கர் கூத்தர்களோடு சேர்ந்து மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கம் எதிர்த்திசையில் நடந்தது. பழைய ஏட்டில் பெண்களையும் தாழ்த்தப்பட்ட சாதியினரையும் இழிவாகக் காட்டும் இடங்கள் ஆடுகிறவர்களுக்கும் ஊராருக்கும் முன்னால் விவாதத்துக்கு வந்தன. மாற்றங்கள் அந்த உரையாடலிலிருந்து பிறந்தன. வெளியாளின் பேனா ஒரே நாளில் அந்த வரிகளை அடித்துவிட்டிருக்கலாம். ஆனால் ஊர் தானே அடித்த வரி மறுபடி ஏட்டுக்குள் நுழைவது கடினம். மீளுருவாக்கத்தின் மெதுவான வேகத்தை நான் அதன் பலமாகவே பார்க்கிறேன்.

பலரோடு சேர்ந்து பிரதியை வளர்க்கக் காலம் வேண்டும் என்பதை யாழ்ப்பாணமும் காட்டுகிறது. 1985இல் ஊர் ஊராகச் சென்ற ‘மண் சுமந்த மேனியர்’ நாடகத்தை எழுதியவர் குழந்தை ம. சண்முகலிங்கம்; நெறிப்படுத்தியவர் க. சிதம்பரநாதன். பிரதியில் ஒருவர் பெயர்தான் இருக்கிறது. ஆனால் அந்த எழுத்துக்குப் பின்னால் 1978இல் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியின் பயிற்சிக் காலம் முழுவதும் நிற்கிறது. தமிழகத்திலும் அதே காலத்தில் விழிப்பு இருந்தது: 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை, 1980இல் சோழமண்டலத்தில் பாதல் சர்க்கார் நடத்திய பயிலரங்கு. ஆனால் இங்கே நடிகரின் உடலுக்குக் கிடைத்த பயிற்சி, எழுதுகிறவரின் கைக்குக் கிடைக்கவில்லை. வரைவை வைத்துக்கொண்டு பலர் முன் வாசித்து, கேட்டு, மறுபடி எழுதும் வழக்கம் நிறுவனமாக வேரூன்றாமல் போனது நம் நவீன நாடகத்துக்குப் பெரிய இழப்பு.

பசிபிக் தீவுகளிலிருந்து நியூசிலாந்துக்குப் போனவர்களின் பிள்ளைகள் கூட்டு எழுத்தை வேறு வழியில் செய்தார்கள். 1993இல் கிறைஸ்ட்சர்ச்சில் உருவான பசிபிக் அண்டர்கிரவுண்ட் குழுவில் ஆஸ்கர் கைட்லியும் சைமன் ஸ்மாலும் சேர்ந்து ‘ஃப்ரெஷ் ஆஃப் த போட்’ நாடகத்தை எழுதினார்கள். தங்களைப் பற்றிப் பிறர் சொல்லிவந்ததை நிறுத்தித் தாங்களே சொல்ல அவர்களுக்கு ஒரு குழு தேவைப்பட்டது. அந்நாட்டில் 1973 முதல் இயங்கும் பிளேமார்க்கெட் என்ற அமைப்பு வரைவுகளை நடிகர்களைக் கொண்டு வாசிக்கச் செய்து எழுத்தாளருக்குத் துணை நிற்கிறது. நாடகத்தின் உரிமத்தையும் கவனித்துக்கொள்கிறது. கூட்டு என்ற பெயரில் எழுதியவரின் கூலியை விழுங்கிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை இந்த ஏற்பாட்டில் இருக்கிறது. நம் குழுக்களுக்கு அது அவசியம் தேவை.

கென்யாவின் கமிரீத்து என்ற ஊரில் நடந்தது இந்த ஏற்பாட்டுக்கு மறுமுனை. 1977இல் கூகி வா தியாங்கோவும் கூகி வா மீரீயும் கிக்கூயு மொழியில் ஒரு வரைவை எழுதிக் கொண்டுபோனார்கள். திறந்தவெளியில் நடந்த ஒத்திகையில் உழவரும் தொழிலாளரும் கலந்துகொண்டு வரைவைத் திருத்தினார்கள். கிழவர் இப்படிப் பேசமாட்டார், அந்தச் சடங்கு அப்படி நடக்காது என்று படித்தவர்களுக்குப் பாடம் எடுத்தார்கள். நாடகம் அரங்கேறிய சில வாரங்களில் அரசு அதன் அனுமதியைப் பறித்தது. ஆண்டின் கடைசி நாளில் கூகி வா தியாங்கோ கைதானார். ஒருவர் தனியாக எழுதிய நூலை விட, ஊர் திருத்திய பிரதியே அதிகாரத்தை அதிகமாக அச்சுறுத்தியது.

இனி குண்டனி நாடு. பேசுபொருளுக்குக் குறைவில்லை. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த காடுகளில், சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பரவியது. சமையலும் உழைப்பும் கடனும் அதனோடு மாறின. காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் மலையைச் சந்தையோடு இணைத்தன. அதே வழியில் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் இறங்கிப் போனார்கள். இவற்றை வெளியாள் எழுதினால் பரிதாபக் கதையாகிவிடும். உள்ளூர்க் குழு எழுதினால் லாபக் கணக்கும், ஆசையும், மலைக்குள்ளேயே இருக்கும் மேல் கீழும் சேர்ந்து வரும்.

முதல் வரைவைத் தாளில் தொடங்கக் கூடாது. ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு வசனத்தைப் பேசியே வளர்க்க வேண்டும். கைப்பேசியில் அதைப் பதிந்து, ஏடு பிடிப்பவர் பிறகு எழுத்தாக்கலாம். மலைப்பேச்சைப் பாடப்புத்தகத் தமிழாக்கும் வேலை அவருக்கு வேண்டாம். அடுத்தது, யார் முன்னால் முதலில் வாசிப்பது என்பது. மரபுப்படி ஊர்ப் பெரியவர்கள் முன் என்று சொல்லத் தோன்றும். அதை நான் ஏற்கவில்லை. நிலத் தகராறும் திருமண விவகாரமும் முதலில் அவர்கள் காதுக்குப் போனால் அந்தக் காட்சிகளே எழுதப்படாமல் போய்விடும். முதல் வாசிப்பு பெண்கள் நடுவில் நடக்கட்டும், அதுவும் அவர்களுக்கு ஒழிகிற நேரத்தில். பழக்கத்தை இரவுக்கு வைத்தால் பாதி மலை விலக்கப்பட்டுவிடும். இரண்டாம் வாசிப்பில் பெரியவர்கள் வரலாம், மறுக்கலாம். அவர்களுடைய மறுப்பையே ஒரு பாத்திரத்தின் வாயில் வைக்கவும் செய்யலாம். இந்த இடத்தில் சீலாமுனையின் வழியை ஒரு படி மாற்றிக்கொள்கிறேன்: ஊர் என்பது ஒரே குரலன்று என்பதால், திருத்தும் உரிமைக்கும் வரிசை வேண்டும்.

அரங்கேற்றத்தோடு திருத்தம் நிற்க வேண்டும். அந்த ஆண்டுக்குப் பிரதி அதுதான். எழுதியவர் பெயர் முதலில், பேசி வளர்த்தவர்கள் பெயர் அடுத்து, இரண்டும் அட்டையிலேயே இருக்க வேண்டும். ஒரு படி குண்டனி நாட்டுப் பள்ளியில் இருக்கட்டும். நாமக்கல்லிலோ சென்னையிலோ ஒரு குழு அதை நடிக்கக் கேட்டால் அனுமதியையும் தொகையையும் மலையில் உள்ள குழு கூடி முடிவு செய்யட்டும். எழுதியவருக்குரிய பங்கு முதலிலேயே எழுத்தில் இருக்கட்டும். நடிக்கக் கேட்பவர்கள் ஒரு காட்சியை மாற்ற விரும்பினால், வரைவோடு காரவள்ளிச் சாலை ஏறி வந்து வாசித்துக் காட்ட வேண்டும்.