மழையும் கூட்டாளிகளும்: வத்தேகம மலைச் சரிவின் வரலாறு

கண்டிக்கு வடக்கே, தும்பரைப் பள்ளத்தாக்கும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது வத்தேகம. இங்கிருந்து கிழக்கே ஏறும் சாலை பன்வில வழியாக மடுல்கலைத் தோட்டங்களுக்குப் போகிறது. வைகாசிக்குப் பின் தென்மேற்குப் பருவக்காற்று, ஐப்பசியில் இடியுடன் மாலை மழை, மார்கழியில் வடகிழக்குப் பருவக்காற்று என்று ஆண்டின் பெரும்பகுதி நனையும் ஊர் இது. தை முதல் பங்குனி வரைதான் வெயில் நிலைக்கும். இந்தச் சரிவில் யார் யாரோடு, எத்தனை காலம் சேர்ந்திருந்தார்கள் என்பதைப் பெருமளவு தீர்மானித்தது இந்த மழைக் கணக்கே.

தோட்டங்கள் வருமுன் இங்கே இருந்தது நெல் விவசாயம். கண்டிச் சிங்களக் கிராமங்களில் அத்தம் என்றொரு வழக்கம் உண்டு. இன்று ஒருவர் வயலில் எல்லோரும் இறங்கி உழைப்பார்கள், நாளை அவர் மற்றவர்களின் வயலில் இறங்குவார். காசு கைமாறாது, உழைத்த நாளுக்கு நாள் ஈடு. மழை விழுந்ததும் நாற்று நட வேண்டும், கதிர் முற்றியதும் அடுத்த மழைக்குள் அறுக்க வேண்டும். தனிக் குடும்பத்தால் அது முடியாது. பின்னாளில் பெரும்போக வயலை விட்டுவிட்டுத் தோட்டக் கூலிக்குப் போக இக்கிராமத்தார் பெரும்பாலும் விரும்பாததற்கு இதுவும் ஒரு காரணம். அவர்களைச் சோம்பேறிகள் என்று எழுதிய வெள்ளைக்காரத் துரைமாருக்கு இது புரிந்திருக்கவில்லை.

1824இல் கம்பளை அருகே சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் தொடங்கினார். 1840களில் கோப்பி தும்பரைக்கும் நக்கிள்ஸ் சரிவுகளுக்கும் ஏறியது. கோப்பிச் செடி கோடைக்குப் பின் வரும் முதல் மழையில் பூக்கும். பழம் ஆண்டின் கடைசி மாதங்களில்தான் பறிப்புக்கு வரும். பெருமளவில் ஆள் வேண்டியிருந்தது அந்தச் சில மாதங்களுக்கு மட்டுமே. ஆகவே தமிழகத்து மாவட்டங்களிலிருந்து கங்காணி திரட்டிய கூட்டங்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே ஏறத்தாழ 150 மைல் நடந்து மாத்தளை வந்து மலையேறின. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். பறிப்பு முடிந்ததும் மிச்சமிருந்தோரில் பலர் ஊர் திரும்பினர். ஒரே ஊர், ஒரே சாதி, ஒரே உறவு என்று கூட்டம் அமைந்ததால் கூட்டாளி என்பவன் பெரும்பாலும் ஊரிலேயே தெரிந்தவன். மலையில் புதிதாக நட்புக் கொள்ள அவகாசமே இல்லை.

1869இல் மடுல்சீமையில் கோப்பி இலையில் மஞ்சள் துரு கண்டறியப்பட்டது. ஈர இலையில் முளைக்கும் பூஞ்சை அது. மழை மிகுந்த மலைநாடு அதற்கு வாய்ப்பான இடம். 1880களின் நடுவில் கோப்பி வீழ்ந்தது. 1884இல், தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கியும் முறிந்தது. தும்பரைப் பள்ளத்தாக்கில் சிலர் கொக்கோ நட்டனர். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை மற்ற எல்லா இடங்களையும் பிடித்தது.

இங்கேதான் முக்கியமான திருப்பம். தேயிலை ஆண்டு முழுதும் துளிர்க்கும். கொழுந்தை வாரம் ஒருமுறை எடுக்காவிட்டால் முற்றிப்போகும். பருவத்துக்கு வந்துபோகும் ஆட்கள் இனிப் போதாது. குடும்பங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் குடியேறின. ஒரே சுவரின் இருபுறமும் இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்தது அதன் விளைவு. கங்காணியின் கடனும் அவர்களைக் கட்டிப்போட்டது: கடன் தொகை எழுதிய துண்டுச் சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. துண்டு முறை ஒழிந்தது 1921இல். ஆகவே லயத்து நட்பை முழுக்க விருப்பத்தால் வளர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. ஓடிப்போக வழியில்லாதவர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டதும் அதில் அடக்கம்.

அந்தத் தாங்கலுக்கும் பருவம் இருந்தது. சித்திரை, வைகாசி மழைக்குப் பிறகு கொழுந்து பொங்கும். அளவுக்கு மேல் பறித்தால் கைக்காசு கிடைக்கும். வெயில் மாதங்களில் கொழுந்து குறையும், அரைநாள் சம்பளமான அரைப்பேர் விழும், அரிசி கைமாற்று வாங்காத வீடு அரிது. அடைமழையில் கம்பளி போர்த்திக்கொண்டு, அட்டை கடிக்க, பக்கத்து நிரைக்காரி முடிக்க முடியாத நிரையை மற்றவள் முடித்துக் கொடுப்பாள். கம்பளியோ தோட்டம் கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. மாசி மாதத்தில், வேலை தளர்ந்து வானம் தெளிந்திருக்கும்போது, காமன் கூத்து நடக்கும். இரவு முழுக்கத் திறந்த வெளியில் ஆடும் கூத்துக்கு மலையில் வேறு மாதம் பொருந்தாது.

1948 குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்தன. குடியுரிமை மனு ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி. ஒரே லயத்தில் ஒரு வீடு போகும், அடுத்த வீடு இருக்கும். வழியனுப்பும் அழுகையால் தலைமன்னார் ரயிலுக்கு மலையகத்தில் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர் வந்தது. 1984இல் தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பல் நின்றபோது அந்தப் பயணமும் நின்றது.

போனவர்களில் பலர் நீலகிரியில், தமிழக அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்தனர். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழைதான் பெரிது. வத்தேகமயில் பழகிய மழை நாட்காட்டி அங்கே செல்லாது, தொழிலைத் திரும்பக் கற்க வேண்டியிருந்தது. இங்கேயே தங்கி எந்தக் குடியுரிமையும் பெறாதிருந்தவர்களுக்கு வழி திறந்தது 1988, 2003 ஆண்டுகளின் சட்டங்கள். அதற்குள் போனவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் இடையே கடிதப் போக்குவரத்தும் கல்யாண உறவும் பல குடும்பங்களில் அறுந்துவிட்டிருந்தன. சில குடும்பங்களில் மட்டும் இன்றைக்கும் கல்யாணப் பத்திரிகை கடல் தாண்டிப் போய்வருகிறது.