அம்மம்மாவின் கல்வெட்டு

கல்வெட்டு என்றால் தமிழ்நாட்டில் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர் நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்தவருக்கோ ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகம் நினைவுக்கு வரும். தாளில் அச்சிட்டதற்கு இந்தப் பெயர் ஏன் என்று கேட்டால், விடை மிகப் பழைய காலத்துக்குக் கூட்டிச்செல்லும்.

பழந்தமிழில் ‘கல்’ என்ற சொல்லே இறந்தவருக்கு நட்ட கல்லைக் குறித்தது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழி (தமிழ்-பிராமி) எழுத்து நடுகல் ஒன்றில், ஆநிரை கவரும் ஆகோள் பூசலில் மாண்டவனின் பெயரோடு ‘கல்’ என்ற சொல்லும் பொறித்திருக்கிறது. அந்தக் கல்லுக்கான சடங்கைக் காட்சி முதல் வாழ்த்தல் வரை ஆறு படிகளாகத் தொல்காப்பியம் வகுத்தது. சிலப்பதிகாரம் வஞ்சிக் காண்டத்தில் அந்தப் படிகளின் பெயர்களைக் காதைகளுக்குச் சூட்டி, கண்ணகிக்குக் கல் எடுத்தது. ஆனால் போரிலும் மடியாமல், தெய்வமும் ஆகாமல், அடுப்படியிலும் கிணற்றடியிலும் உழைத்து ஓய்ந்த ஒரு தாய்க்கு யார் கல் நட்டார்கள்?

அந்தக் குறையைத் தீர்த்தது அச்சு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1834இல் அமெரிக்க மிஷன் அச்சகமும், வண்ணார்பண்ணையில் 1849இல் ஆறுமுக நாவலரின் அச்சகமும் இயங்கத் தொடங்கின. பெரியவர்கள் மறைந்தபோது புலவர்கள் பாடிய சரமகவிகள் அச்சேறின. பின்னர் அந்தப் பேறு சாதாரண வீடுகளுக்கும் கிடைத்தது. வீரனுக்கும் வேந்தனுக்கும் உரிய சொல், ஆச்சிக்கும் அம்மம்மாவுக்கும் உரியதானது.

கல்வெட்டின் உள்ளமைப்பிலும் பழைய கல்லின் கடமைகள் தொடர்கின்றன. முதலில் திதி வெண்பா. இறந்த வருடம், மாதம், பட்சம், திதி ஆகியவற்றை நான்கடிக்குள் அடக்குவது அதன் வேலை. ஆட்டைத் திவசம் எந்த நாளில் வரும் என்று பிள்ளைகள் கணிக்க அது வேண்டும். அடுத்து இறந்தவர் பிறந்த ஊர், புகுந்த ஊர், தாய் தந்தை, உடன்பிறந்தார், வம்சாவளி. தேவார திருவாசகங்களும் இருக்கும். அம்மம்மாவின் முழுப்பெயரை நான் முதன்முதலில் அச்சில் பார்த்தது அவரது கல்வெட்டில்தான். அதுவரை அவர் எங்களுக்கு அம்மம்மா, ஊருக்கு இன்னாரின் பெண்சாதி.

பிறகு புலம்பல்கள் வரும். கணவர் புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று ஒரே பெண்ணை ஒவ்வொரு உறவும் தனித்தனியே அழைத்து அழும். அம்மா, மாமி, அப்பம்மா, அம்மம்மா, பூட்டி என ஒருத்தி எத்தனை பேருக்கு எத்தனை பேராக வாழ்ந்தாள் என்பதை, இவ்வளவு துல்லியமாக எழுதி வைக்கும் வேறோர் ஏட்டை நான் அறியேன்.

போரால் யாழ்ப்பாணத்தவர் ஊரைவிட்டு வெளியேறிய 1995இன் பெரும் இடப்பெயர்வில் காணி உறுதிகளும் படங்களும் வீடுகளோடு அழிந்த குடும்பங்கள் பல. தன் உறுதியால் நிலைத்தது கல். கல்வெட்டுப் புத்தகமோ பல கைகளில் பிரிந்து போய் நிலைத்தது. நம் வீட்டில் இல்லாத பிரதி பெரியம்மா வீட்டிலோ ரொறன்ரோவில் சித்தப்பா பெட்டியிலோ இருக்கும். ‘நூலகம்’ என்னும் இணையத்தளம் இன்று இத்தகைய நினைவு மலர்களையும் எண்ணிமப்படுத்திச் சேர்த்து வைக்கிறது. ஊர்களின் வரலாற்றை எழுத வருவோருக்கு, பெண்களின் பெயர்கள் கிடைக்கும் அரிய இடங்களில் கல்வெட்டும் ஒன்று.

ஆகவே, எந்தத் தாய்க்கும் பொருந்திவிடும் வாய்பாட்டுப் புலம்பல்களோடு கல்வெட்டை முடித்துவிட வேண்டாம் என்று பிள்ளைகளைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அம்மா எந்த வகுப்போடு பள்ளியை விட்டார், ஏன் விட்டார் என்று எழுதுங்கள். ஒடியல் கூழுக்கு என்னென்ன போட்டார், எந்தத் தேவாரத்தை எந்த நேரத்தில் பாடினார், காய்ச்சலில் கிடந்த பிள்ளையை எப்படிப் பார்த்தார் என்று எழுதுங்கள். பேரப்பிள்ளைகள் தங்கள் சொந்த வாக்கியங்களில், பிழையோடாயினும், எழுதட்டும். புலவரின் வெண்பா திதியைக் காக்கும். அந்தப் பெண் யார் என்பதை அவள் வளர்த்தவர்கள்தாம் எழுத முடியும்.